எங்கள் டவுனில் சிவில் பாதுகாப்புக் குழு: தோட்டத்துப் பையன்கள் சேரலாமா?

பணியகணக்கு · சனி, இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். ஒரு யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் டவுனில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வீடு தேயிலைத் தோட்டத்தில், பணிய டிவிஷன். ஹட்டனிலிருந்து ஒரு மணி நேர பஸ் ஓட்டம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஊர்ப் பெயரைச் சொன்னால் எந்தப் பொலிஸ் நிலையம், எந்தக் கடைக்காரர் என்பதெல்லாம் வெளிச்சமாகிவிடும்.

போன தீபாவளிக்கு முற்பணம் கொடுத்த மறுநாள், பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பது) கலைந்து எல்லாரும் மலைக்குப் போன பிறகு, எங்கள் லயத்தில், அதாவது வரிசை வீட்டில், 2 காம்பராக்களின் பூட்டை உடைத்துவிட்டார்கள். ஒரு வீட்டில் முற்பணம் முழுதும் போனது. அடுத்த வீட்டில் ஓர் அக்கா, மகளின் சடங்குக்கென்று சீட்டுப் பிடித்துச் சேர்த்த தோடும் சங்கிலியும் போயின. நாங்கள் நாலு பேர் அக்காவோடு பொலிஸுக்குப் போனோம். முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எழுதியதை வாசித்துக் காட்டவில்லை. அதன் பிறகு இன்று வரை ஒரு பதிலும் இல்லை. தைப்பொங்கலுக்கு முன்னால் அம்மன் கோயில் உண்டியலை உடைத்தார்கள். டவுனிலும் 2 கடைகளில் கூரைத் தகரத்தைக் கழற்றி உள்ளே இறங்கியிருக்கிறார்கள்.

இப்போது பொலிஸ் நிலையத்துக்குப் புதிய பொறுப்பதிகாரி வந்திருக்கிறார். பேருக்கு மட்டும் இருந்த சிவில் பாதுகாப்புக் குழுவைத் திரும்ப அமைக்கப் போகிறாராம். கிராம சேவகர், வர்த்தகர் சங்கம், தோட்ட நிர்வாகம், கோயில், விகாரை, பள்ளிவாசல் என்று எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறார். கடைக்காரர்கள் கமராவுக்குப் பணம் போடுகிறார்கள். எங்கள் இளைஞர் கழகத்திடம் இரவு ரோந்துக்கு 15 பையன்கள் கேட்டிருக்கிறார்கள். டோர்ச்சும் மழைக்கோட்டும் கடைக்காரர்கள் தருவார்களாம்.

பையன்களுக்கு ஆர்வம். எனக்கும்தான். ஆனால் அம்மா சொன்ன ஒன்று மனதைக் குடைகிறது. “காட்டிக்கொடுத்தவன் வீடு என்று பேர் வந்தால், நீ செத்தாலும் அந்தப் பேர் போகாது தம்பி” என்றார். ஒரே லயத்தில் 12 குடும்பம். சுவர் ஒன்று, கூரை ஒன்று. யாரைப் பற்றிப் பொலிஸுக்குச் சொன்னாலும் அடுத்த சுவருக்குக் கேட்டுவிடும்.

அடுத்த ஞாயிறு கூட்டம். போகலாமா? போனால் என்ன கேட்க வேண்டும்? இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

டவுன்கடை · சனி, இரவு 10.05

தம்பி, கட்டாயம் போங்கள். ஆனால் எங்களுக்கு நடந்ததைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

நான் ஊவாப் பக்கம் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். எங்கள் சங்கமும் பொலிஸோடு சேர்ந்து டவுனில் 16 கமரா போட்டது. முதலில் கமரா விஷயம். மூட்டம் இறங்கும் ஊரில் இரவுப் படம் முழுக்க வெள்ளையாகத்தான் வரும். கமராவிலேயே இருக்கும் அகச்சிவப்பு விளக்கின் ஒளி மூட்டத்தில் பட்டு லென்ஸுக்கே திரும்பி வருகிறது. மூட்டத்தில் பெரிய லைட்டைப் போட்டு வேன் ஓட்டினால் ஒன்றும் தெரியாது அல்லவா, அதே கதைதான். பொருத்தியவர் கொழும்பிலிருந்து வந்தவர், அவருக்கு இது தெரியவில்லை. ஒரு மழைக்காலம் முழுதும் வீணாய்ப் போன பிறகு, கமராவை 8 அடிக்கு இறக்கி, அதன் விளக்கை அணைத்துவிட்டு, நாலு அடி தள்ளிச் சுவரில் சாதாரண வெள்ளை லைட் ஒன்று போட்டோம். அப்புறம்தான் முகம் தெரிந்தது. பதிவுப் பெட்டியின் மணிக்கூட்டை மாதம் ஒரு தடவை சரிபாருங்கள். எங்களுடையது 40 நிமிடம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது, அதனால் ஒரு வழக்கில் பெரிய சிக்கல் வந்தது. பழைய பதிவு எத்தனை நாளில் அழிகிறது என்பதையும் எழுதி வையுங்கள். எங்களுக்கு 15 நாள்தான்.

ஆனால் எங்கள் குழு படுத்தது கமராவால் இல்லை. முதல் ஆறு மாதம் கடைக்காரர்கள் மழை என்றும் பாராமல் வந்தார்கள். ஒரு திருட்டுக்குப் பதிவு கேட்டார்கள், கொடுத்தோம். இன்னொன்றுக்கும் கொடுத்தோம். ஆள் பிடிபட்டானா, வழக்குப் போட்டார்களா, நாங்கள் கொடுத்த படம் உதவியதா, எதுவுமே எங்களுக்கு வந்து சேரவில்லை. கேட்டால் “விசாரணை நடக்கிறது” என்ற ஒரே வார்த்தை. எவ்வளவு நாளைக்குத்தான் கிணற்றில் கல் போடுவது? ஒவ்வொருவராக விலகினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்கள் பதிவிலிருந்து பஸ் தரிப்பிடத்தில் பேசிக்கொண்டிருந்த ஒரு மாணவியின் காட்சியை எங்களில் ஒருவரே எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார். அந்தப் பிள்ளை இரண்டு மாதம் பாடசாலைக்கு வரவில்லை. நான் அப்போது சங்கத்தில் பொறுப்பில் இருந்தேன். பெட்டியின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அதை முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும்.

மலையோரம் · ஞாயிறு, காலை 6.30

தம்பியின் அம்மா சொன்னதைச் சும்மா பயம் என்று ஒதுக்காதீர்கள். எனக்கு வயது 67. 77-லும் 81-லும் 83-லும் நடந்த கலவரங்களில் எங்கள் ஆட்கள் தேயிலைக்குள் ஒளிந்து கிடந்தபோது காக்கிச் சட்டை எங்கே நின்றது என்று பார்த்தவன். 2000 ஒக்டோபரில் பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் கூட்டம் புகுந்து இளைஞர்களைக் கொன்றபோது பொலிஸார் அங்கேயே இருந்தார்கள். யுத்த காலத்தில் கொழும்பில் கடை வேலைக்குப் போன எங்கள் பிள்ளைகளைத் தமிழன் என்ற ஒரே காரணத்துக்காக அள்ளிக்கொண்டு போவார்கள். என் மகன் 11 நாள் உள்ளே இருந்தான். அப்போதும் விழிப்புக் குழுக்கள் இருந்தன. யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று எழுதிக் கொடுப்பதுதான் அவற்றின் வேலை.

அதனால் “பொலிஸோடு கைகோர்ப்போம்” என்று பதாகை கட்டினால் எங்கள் வயது ஆட்களுக்கு உடம்பு கூசும். 2023 டிசம்பரில் யுக்திய என்ற போதை ஒழிப்பு நடவடிக்கையைப் பொலிஸ் தொடங்கியபோது போதைக்கு அடிமையான பையன்களையும் சேர்த்து அள்ளினார்கள். குழுவில் இருக்கும் பையன் ஒரு பெயரைச் சொல்வான். அந்தப் பெயர் வைத்தியத்துக்குப் போகுமா, சிறைக்குப் போகுமா? அதை யார் தீர்மானிப்பது?

வேண்டாம் என்று சொல்லவில்லை. திருட்டுப் போன அந்தப் பிள்ளையின் தோட்டுக்கும் யாராவது பதில் சொல்லத்தான் வேண்டும். என் கேள்வி ஒன்றுதான். கூட்டம் எப்போதும் பொலிஸ் நிலையத்திலா? ஒரு தடவையாவது கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்து, நின்றுகொண்டு பதில் சொல்வார்களா?

ஓய்வு சார்ஜன்ட் · ஞாயிறு, மாலை 4.15

மலையோரம் ஐயா எழுதியதில் நான் மறுக்க ஒன்றுமில்லை. நானும் தமிழன். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே அந்த வருடங்களைக் கடந்தவன். வீட்டில் சொந்தக்காரர்கள் என் முகத்தைப் பார்க்காமல் பேசிய காலமும் உண்டு. நிலையத்தின் உள்ளே எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன், உதவும்.

நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் தமிழ் மக்கள். நிலையங்களில் தமிழ் எழுதத் தெரிந்தவர்களோ மிகக் குறைவு. நான் இருந்த ஒரு நிலையத்தில் நான் ஒருவன்தான். நான் லீவில் போனால் தமிழ் முறைப்பாட்டை டீக்கடைப் பையனைக் கூப்பிட்டு மொழிபெயர்க்க வைத்துச் சிங்களத்தில் எழுதுவார்கள். அக்காவின் வாக்குமூலத்துக்கும் அப்படித்தான் நடந்திருக்கும். சங்கிலியின் அடையாளம், தோட்டின் கல் நிறம் எல்லாம் அந்த வழியில் தொலைந்துபோகும். அடையாளம் சரியாக எழுதாத நகையை அடகுக்கடையில் எப்படித் தேடுவது?

பதில் ஏன் வருவதில்லை என்று டவுன்கடை கேட்டார். அசட்டை ஒரு காரணம், மறைக்க மாட்டேன். ஆனால் இன்னொரு காரணம் இடமாற்றம். ஒரு பொறுப்பதிகாரி ஆர்வத்தோடு தொடங்குவார், ஒரு வருடத்தில் மாறிப் போவார். குழுவின் விஷயம் எல்லாம் அவர் போனிலேயே இருக்கும், அவரோடேயே போய்விடும். ஆகவே அதிகாரியை நம்பிக் குழு அமைக்காதீர்கள், புத்தகத்தை நம்பி அமையுங்கள். ஒரு தடித்த கொப்பி. இன்ன தேதியில் இன்ன விஷயம் சொல்லப்பட்டது, யார் பொறுப்பு, அடுத்த கூட்டத்தில் சொல்லப்பட்ட பதில் என்ன என்பது அதில் இருக்க வேண்டும். தகவல் சொன்னவர் பெயர் மட்டும் அதில் இருக்கவே கூடாது. அந்தக் கொப்பி கிராம சேவகரிடம் இருக்கட்டும். புது அதிகாரி வந்தால் முதல் நாளே அவர் முன்னால் வைக்கலாம்.

கேரளத்தில் 2008-இல் ஜனமைத்திரி என்று ஒரு பொலிஸ் திட்டம் தொடங்கினார்கள். அதில் எனக்குப் பிடித்தது ஒன்று. மக்களை ரோந்துக்கு அனுப்புவதை விட, பொலிஸ்காரரைக் குறிப்பிட்ட பகுதிக்குப் பொறுப்பாக்கி வீடு வீடாக நடக்க வைத்தார்கள். அந்தப் பகுதி வீடுகளை அவருக்குத் தெரிய வேண்டும், வீடுகளுக்கு அவரைத் தெரிய வேண்டும். குற்ற வழக்கில் இருப்பவர்களைக் குழுவில் சேர்ப்பதில்லை. இங்கே நாம் பதவிகளில் உள்ளவர்களையே முதலில் சேர்க்கிறோம், கள்ளச்சாராயம் விற்கிற கசிப்புக்காரனின் சிநேகிதனும் அவர்களோடு உள்ளே வந்துவிடுகிறான். தகவல் அன்று மாலையே அவன் காதுக்குப் போய்விடும். இதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

15 பையன்கள் ரோந்து என்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு வேறு ஒரு தம்பி சட்டம் சொல்லட்டும்.

சட்டக்கொப்பி · ஞாயிறு, இரவு 9.20

சார்ஜன்ட் ஐயா கூப்பிட்டது என்னைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். கண்டியில் சட்டம் படிக்கிறேன், வீடு புசல்லாவைப் பக்கம்.

1979-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி, பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தைத் தன் கண் முன்னே செய்பவரைச் சாதாரண ஆளும் பிடிக்கலாம். ஆனால் தாமதிக்காமல் பொலிஸிடம் ஒப்படைக்க வேண்டும்.  கட்டி வைக்க, அடிக்க, பையைச் சோதிக்க, “எங்கே போகிறாய்” என்று மறித்து அடையாள அட்டை கேட்க இந்தப் பையன்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. மழைக்கோட்டும் டோர்ச்சும் போட்டு நாலு பேர் ஒன்றாக நடந்தால் அந்த அதிகாரம் இருப்பது போல ஒரு நினைப்பு தானாக வந்துவிடும். ஆபத்து அங்கேதான்.

தமிழ்நாட்டுக் கதை ஒன்றை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1993-இல் இராமநாதபுரத்தில் பொலிஸுக்கு உதவும் தன்னார்வலர் அமைப்பு ஒன்றை ப்ரெண்ட்ஸ் ஒஃப் பொலிஸ் என்று தொடங்கினார்கள். நல்ல நோக்கம், பல வருடம் ஓடியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தகப்பனையும் மகனையும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் அடித்தார்கள், சில நாட்களில் இருவரும் காவலிலேயே இறந்தார்கள். அந்த இரவு இந்தத் தன்னார்வலர்களும் நிலையத்தில் இருந்தார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பின் தரப்பு அதை மறுத்தது. ஆனாலும் அடுத்த மாதமே அரசு அமைப்பைத் தடை செய்தது. பணியகணக்கு அண்ணா, அந்த இருவரும் உங்களைப் போலப் போன் கடை நடத்தியவர்கள்.

ஆகவே பையன்களின் வேலை பார்ப்பதும் சொல்வதும். நிலையத்துக்குள் அவர்களுக்கு வேலை இல்லை. இதை எழுத்தில் வாங்குங்கள்.

அக்காவின் விஷயத்தில் தயங்க வேண்டாம். தமிழ் 1988-இன் 16-ஆவது திருத்தத்தோடு நாடு முழுக்க நிர்வாகத்துக்கு உரியதாக்கப்பட்ட மொழி. நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பிரதேச செயலகப் பிரிவுகள் பலவற்றை 1999-இலேயே இருமொழிப் பிரிவுகளாக அறிவித்துவிட்டார்கள். தமிழில் வாக்குமூலம் கேட்பது சலுகை கேட்பது இல்லை. சாட்சி சொல்பவரை மிரட்டினால் அது தனிக் குற்றம். 2015-இல் வந்த பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் 10-ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. டவுன்கடை அண்ணன் சொன்ன கமராப் பதிவுக்கும் 2022-இன் 9-ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

ராகலை டீச்சர் · திங்கள், மாலை 5.50

நேற்றிலிருந்து வாசித்துக்கொண்டே இருக்கிறேன். அண்ணன்மாரே, தம்பிமாரே, கூட்டத்துக்குக் கூப்பிட்டவர்கள் பட்டியலில் ஒரு பெண்ணாவது இருக்கிறாரா? பொறுப்பதிகாரி, கிராம சேவகர், கடைக்காரர், துரை, ஐயர், ஹாமுதுரு, மௌலவி, 15 பையன்கள். கொழுந்து எடுக்கிற கை எல்லாம் பெண்களுடையது. உடைத்த காம்பராவும் அக்காவுடையது. அவரைக் கூப்பிட்டீர்களா?

திருட்டு பெரிய விஷயம்தான். ஆனால் என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் அவர்கள் பயப்படுவது வேறு. பாடசாலை மதிலுக்குப் பின்னால் பாபுல் என்ற போதைப் பாக்கு விற்கிறவன், சம்பள நாளில் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கிற அப்பா, கடைசி பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு நடக்கிற அந்த ஒன்றரைக் கிலோமீட்டர் இருட்டு. அந்த வழியில் என் மாணவி ஒருத்திக்கு நடந்ததை இங்கே எழுத மாட்டேன். அவள் ஓ.எல். பரீட்சை எழுதவில்லை. இப்போது கொழும்பில் வீட்டு வேலை செய்கிறாள். அந்த வளைவில் ஒரே ஒரு லைட் இருந்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

அந்த லைட் ஏன் இல்லை? 1987-இன் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று 30 வருடம் சொன்னார்கள். வாக்குப் போட்டோம், எங்கள் பாதைக்கு ஒரு பல்ப் போட அவர்களால் முடியவில்லை. தோட்டமோ அது சபையின் வேலை என்றது. 2018-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இப்போது அந்தச் சாக்கு இல்லை. ஆகவே ஞாயிறு கூட்டத்துக்குப் பிரதேச சபை உறுப்பினரையும் இழுத்து வாருங்கள். சேர்ந்து வேலை செய்கிறோம் என்றால் இந்த மாதிரி வேலைக்கு எல்லாத் தரப்பும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். இடம் தோட்டத்துடையது, பணம் சபையுடையதும் கடைக்காரருடையதும், தோண்டுவது பையன்கள். எங்கே போட வேண்டும் என்று சொல்ல வேண்டியவர்கள் பெண்கள்.

மாதர் சங்கத்துத் தலைவியைக் குழுவில் சேருங்கள். நிலையத்துப் பெண்கள் சிறுவர் பிரிவிலிருந்து ஒருவர் மாதம் ஒரு தடவை தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்கு வரட்டும். அங்கே அம்மாமார் எப்படியும் வருவார்கள், பொலிஸைப் பார்க்க வந்தார் என்று யாரும் பேச மாட்டார்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கான உதவி இலக்கம் 1929 இரண்டையும் கழிவறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். மடுவத்துச் சுவரில் ஒட்டினால் பார்க்கிறவளை நாலு பேர் பார்ப்பார்கள்.

ஆட்டோ ஸ்டாண்ட் · திங்கள், இரவு 11.30

இப்போதுதான் கடைசி ஹயர் முடிந்தது. மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணி ஓடுகிறவன். எழுதிப் பழக்கமில்லை, மன்னிக்கவும்.

இரவு ரோந்துக்குப் புதிதாக ஆள் தேட வேண்டுமா? ஸ்டாண்டில் நாங்கள் எப்படியும் விழித்திருக்கிறோம். நடுச்சாமத்தில் யார் மூட்டையோடு ஏறினான், எங்கே இறங்கினான் என்று எங்களுக்குத் தெரியும். யாரும் எங்களைக் கேட்டதில்லை. அபராதம் எழுத மட்டும்தான் பக்கத்தில் வருவார்கள்.

சிவனொளிபாத மலை சீசனில், டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரைக்கும், எங்கள் பக்கம் பொலிஸ், கடைக்காரர், தொண்டர்கள், நாங்கள் எல்லாம் ஒன்றாகத்தான் வேலை பார்க்கிறோம். பிள்ளை தொலைந்தால் எந்தக் கடையிலும் சொல்லலாம். கடைக்காரர் போன் போடுவார், ஒலிபெருக்கியில் சிங்களத்திலும் தமிழிலும் சொல்வார்கள். பிள்ளை கிடைத்ததும் அதையும் சொல்வார்கள். போன் போட்ட கடைக்காரருக்கு அது கேட்கும், முகம் மலரும். மறுபடி ஒன்று என்றால் ஓடி வருவார். டவுன்கடை அண்ணன் சொன்னதைப் படித்தபோது இதுதான் ஞாபகம் வந்தது. 2025 நவம்பர் டித்வா புயலில் மண் சரிந்து பாதை போன நாட்களிலும் இப்படித்தான். எந்த வளைவு வரை வண்டி போகும் என்று நாங்கள் பொலிஸுக்குச் சொன்னோம், அடுத்த பாதை திறந்ததும் அவர்கள் எங்களுக்குச் சொன்னார்கள். கடைக்காரர்கள் அரிசி ஏற்றினார்கள். யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை.

இன்னொன்று. திருடிய சாமான் எங்கே போகிறது என்று பாருங்கள். கோயில் மணி, பித்தளைக் குழாய், வயர் எல்லாம் பழைய இரும்புக் கடைக்கு. நகை அடகுக்கு. பச்சைக் கொழுந்து இரவில் லொறிக்காரனுக்கு. கமராவுக்குப் பணம் போடுகிற வர்த்தகர் சங்கத்தில் அந்தக் கடைக்காரர்களும் இருப்பார்கள். அடையாள அட்டைப் பிரதி இல்லாமல் ஒரு துண்டுப் பித்தளையும் வாங்க மாட்டோம் என்று அவர்கள் சொல்லட்டும். 16 கமராவை விட அது பெரிது.

டவுன்கடை · செவ்வாய், காலை 7.10

தம்பி ஆட்டோ, எழுதிப் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டு எங்கள் சங்கம் பத்து வருடமாகத் தொடாத இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். பழைய இரும்புக் கடைக்காரர் எங்கள் பொருளாளருக்கு மச்சான். அதனால்தான் யாரும் பேசவில்லை. இந்த மாதக் கூட்டத்தில் நான் எழுந்து பேசுவேன்.

பணியகணக்கு · புதன், இரவு 9.00

எல்லாருக்கும் நன்றி. கழகத்தில் இதை வாசித்துக் காட்டினேன். பையன்களில் சிலருக்குக் கோபம். “நாங்கள் என்ன அடிக்கவா போகிறோம், எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா” என்றார்கள். சாத்தான்குளத்தைப் பற்றிச் சொன்ன பிறகு அமைதியானார்கள். ஒருவன் மட்டும் ஒரு கேள்வி கேட்டான், எனக்குப் பதில் தெரியவில்லை. “என் அண்ணனே ஐஸ் போதைப்பொருள் பாவிக்கிறான். நான் குழுவில் இருந்தால் அவனைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?” என்றான்.

மலையோரம் · வியாழன், காலை 5.45

அந்தப் பையனைச் சொல்ல வைக்காதீர்கள். தம்பி அண்ணனைக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாட்டில் யாரும் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும். விற்கிறவனைப் பற்றித்தான் பொலிஸுக்குப் பேச்சு. பாவிக்கிறவனின் பெயர் குழுவுக்குள் வரவே கூடாது என்று கூட்டத்தில் கேளுங்கள். அதற்கு அவர்கள் ஒத்துக்கொண்டால், நானும் எங்கள் தோட்டத்தில் குழுவுக்குப் பெயர் கொடுக்கிறேன். இந்த வயதில் இதை எழுதுவேன் என்று நினைக்கவில்லை.

ஓய்வு சார்ஜன்ட் · வியாழன், பகல் 12.20

ஐயா சொன்னதுதான் சரி. அடமும் கோபமும் உள்ள சின்னச் சண்டைகளையும் குழுவுக்குள் கொண்டுவராதீர்கள். வேலித் தகராறு, கடன் தகராறுக்கு இணக்க சபை இருக்கிறது. குழு தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால் இரண்டாவது மாதமே இரண்டாகப் பிளந்துவிடும்.

பணியகணக்கு · ஞாயிறு, இரவு 9.45

கூட்டம் முடிந்து வந்துவிட்டேன். பாடசாலை மண்டபத்தில் நடந்தது. 40 பேருக்கு மேல் வந்தார்கள். அக்காவும் மாதர் சங்கத் தலைவியும் முன் வரிசையில் உட்கார்ந்தார்கள், டீச்சர் எழுதியதை வாசித்துவிட்டுத்தான் வந்தார்கள்.

கிடைத்ததைச் சொல்கிறேன். பொறுப்பதிகாரி தமிழ் எழுதத் தெரிந்த ஒரு கொன்ஸ்டபிளை எங்கள் மூன்று தோட்டங்களுக்கும் பொறுப்பாக்கினார். அவருடைய இலக்கத்தை அங்கேயே எல்லாரும் எழுதிக்கொண்டோம். கொப்பி கிராம சேவகரிடம் இருக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு, கொழுந்து மடுவத்தில், போன மாதம் சொன்னவற்றுக்குப் பதில். மலையோரம் ஐயாவின் கேள்வியை அப்படியே கேட்டேன். பொறுப்பதிகாரி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “வருகிறேன், நின்றுகொண்டே சொல்கிறேன்” என்றார். ரோந்து இல்லை. பையன்கள் கடைசி பஸ் வரும் நேரத்தில் இருவர் இருவராகச் சந்தியில் நிற்பார்கள், இறங்குகிறவர்களோடு லயம் வரை நடப்பார்கள். கையில் தடி கிடையாது. ஸ்டாண்ட் அண்ணன்மார் பின்னிரவைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

கிடைக்காதது. போதை பாவிப்பவர்களின் பெயர் வேண்டாம் என்பதைப் பொறுப்பதிகாரி எழுத்தில் தர மறுத்துவிட்டார், சட்டம் இடம் தராது என்றார். வாய்ச் சொல்லாக மட்டும் ஒத்துக்கொண்டார். அதனால் இரண்டு பையன்கள் விலகிவிட்டார்கள், ஐஸ் பற்றிக் கேட்டவனும் அதில் ஒருவன். நான் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. மலையோரம் ஐயாவிடம் இதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் டவுன் பழைய இரும்புக் கடைக்காரர் கூட்டத்துக்கு வரவேயில்லை. தோட்ட நிர்வாகம் லைட்டுக்குப் பணம் தராது, இடம் மட்டும் தரும். சபை உறுப்பினர் அடுத்த அமர்வில் பிரேரணை கொண்டுவருகிறேன் என்றார். அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று ஒரு கடைக்கார முதலாளி 2 சோலார் லைட்டும் குழாயும் தருகிறார்.

அக்காவின் நகை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் கூட்டம் முடிந்ததும் அந்தக் கொன்ஸ்டபிள் அவரை உட்கார வைத்து, தமிழில் புதிதாக வாக்குமூலம் எழுதினார். தோட்டில் சிவப்புக் கல், ஒன்றில் கல் விழுந்து மெழுகு வைத்தது என்பது வரைக்கும் எழுதினார். அக்கா அதை வாங்கி விரலை வைத்து வரி வரியாக இரண்டு தடவை வாசித்தார். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.

நாளைக்குக் காலை பெரட்டுக்கு முன்னால் வளைவில் குழி தோண்டுகிறோம். எந்த இடம் என்று தலைவியம்மா கல் வைத்துக் காட்டிவிட்டார். அலவாங்கு ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்று வேண்டும். இந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது வாசித்தால் ஐந்தரைக்குக் கொண்டு வாருங்கள்.